பிரகாசம் சாரின் முயல் பாடம்

பிரகாசம் சாரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. நல்ல மனுஷர், அதிலே சந்தேகமில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் குடையை மடக்குவதுபோல் படிப்பையும் மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

மைசூரில் ஒரு மிஷன் பள்ளியில் அவர் உயிரியல், நான் சரித்திரம். அடுத்தடுத்த வீடு வேறு. நாடு குடியரசான புதிது. விஞ்ஞானம்தான் நம்மைக் கரையேற்றும் என்று எல்லாரும் பேசினார்கள். சார் அதையே இரண்டு மடங்கு சத்தமாகப் பேசினார். பரிணாமப் பாடத்தை மட்டும் தலைமை ஆசிரியரான பாதிரியார் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து நடத்துவார்.

மரபியலுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. அதற்கென்றே கொல்லையில் வெள்ளை முயல் வளர்த்தார். ஒரு ஜோடியின் குட்டிகளையே திரும்பத் திரும்பச் சேர்த்ததில், வரவர குட்டிகள் சோப்ளாங்கியாகப் பிறந்து செத்துக்கொண்டிருந்தன. சார் தேவராஜ மொஹல்லா முழுக்க அலைந்து ஒரு சாம்பல் நிற ஆண் முயலை வாங்கி வந்தார். அடுத்த ஈற்றுக் குட்டிகள் கூண்டையே உடைக்கப் பார்த்தன. கூண்டோடு வகுப்புக்குத் தூக்கிப் போனார். சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தால் இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கிற குறை ஒன்றுகூடி வெளியே வரும், மனுஷனுக்கும் முயலுக்கும் ஒரே விதிதான் என்று, பக்கத்து வகுப்பிலிருந்த எனக்கே கேட்கும்படி மேசையைத் தட்டினார்.

சாரின் கொழுந்தியாள் மோலி அந்த வீட்டோடுதான் இருந்தாள். பிறவியிலிருந்தே காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே ஊர் வம்பு முழுவதும் தெரிந்துகொள்வாள், மகா கெட்டிக்காரி. ஏன் கேட்கவில்லை என்று யாராவது விசாரித்தால் சார் யோசிக்கவே மாட்டார். அவள் தாய் வயிற்றில் இருந்தபோது பெரிய இடி விழுந்ததாம், அதிலே போய்விட்டதாம். பி.எஸ்.சி. படித்த வாய்!

அவர் மகள் செலின் நர்ஸ் படிப்பை முடித்ததும் சார் கல்யாணத்தைப் பேசி முடித்தார். மாப்பிள்ளை வால்டர், அவள் தாய்மாமன் மகன், பட்டு ஆலையில் குமாஸ்தா. முறைப் பையன் இருக்கும்போது வெளியே தேடுவானேன் என்றார். செலின் அம்மாவிடம் அழுதாள், அப்பாவிடம் சொன்னாள், ஒன்றும் எடுபடவில்லை. வால்டர்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, தங்கமான பையன். பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்துத்தான் பயம். பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவள் அல்லவா?

எங்கள் சபையில் ரத்த சொந்தத்துக்குள் கல்யாணம் கூடாது; மாமன் மகனைக் கட்ட ஆயர் தனியாக விலக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் பங்குச் சாமியார் பெண்ணையும் தகப்பனையும் விசாரிப்பார். குடும்பத்தைத் தெரிந்த சாட்சி ஒன்றும் வேண்டும். சார் என்னைக் கூப்பிட்டார், பாவம். மோலியும் கூடவே வந்தாள்.

விலக்கு கேட்க என்ன காரணம் என்று சாமியார் கேட்டார். குடும்ப ரத்தம் வெளியே போகக்கூடாது என்றார் சார், பெருமையாக. சாமியார் செலின் பக்கம் திரும்பிச் சம்மதமா என்றார்.

"இல்ல சாமி. எங்க தாத்தா கட்டினது சொந்த அக்கா மகளை. அவங்களுக்குப் பிறந்தவங்கதான் மோலி சித்தி. எனக்கும் வால்டருக்கும் அதே தாத்தா பாட்டி. இடி எல்லாம் விழல. அப்பா முயலை வெச்சு நடத்தின பாடம்தான் இது."

"முயல் வேற, மனுஷங்க வேற," என்றார் சார்.

சாட்சியாகப் போய்விட்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? இரண்டுக்கும் ஒரே விதி என்று அவர் மேசை உடையத் தட்டியதை நான் சாமியாரிடம் சொன்னேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

செலின் அவரிடம் மெதுவாகத்தான் கேட்டாள். "அந்த முயலுக்காக மொஹல்லா பூரா அலைஞ்சீங்களேப்பா. எனக்காக நாலு தெரு நடக்கக் கூடாதா?"

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். பிறகு, விலக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

வால்டரின் வீட்டாரோடு அன்றைக்கே பேச்சுவார்த்தை நின்றது. சார் நாலு தெரு இல்லை, கொள்ளேகால்வரை போனார். குழந்தைசாமி என்று ஒரு கம்பவுண்டரைப் பிடித்துவந்து செலினுக்குக் கட்டிவைத்தார். பந்தியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், விஞ்ஞான முறைப்படி யோசித்து அந்தச் சம்பந்தத்தைத் தானே நிறுத்தியதாகச் சொல்லிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாயசத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

செலின் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். அன்று கோடை மழை. நான் அங்கே பேசிக்கொண்டிருக்கும்போது சாமுண்டி மலைப் பக்கம் ஓர் இடி இடித்தது. சார் அலறியடித்து ஓடிவந்து சன்னலையெல்லாம் சாத்தினார். கையோடு கொண்டுவந்த பஞ்சைத் திரட்டி மகளின் இரண்டு காதிலும் அடைத்தார். மோலி அவரையும் வானத்தையும் மாறி மாறிக் காட்டிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் செலின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க டீச்சர், பஞ்சு இருக்கட்டும்," என்றாள். "முயலுக்குக்கூட அவர் இவ்வளவு செஞ்சதில்ல."