அக்கா அனுப்பிய லாபம்

துவைத்துக் காய்ந்த தலையணை உறைகளை மாட்டிக்கொண்டிருந்தாள் தங்கை. அக்கா வீட்டுக்கு வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. அக்கா கட்டில் முனையில் உட்கார்ந்து உதறிக் கொடுத்தாள்.

வங்கி கவுன்ட்டரில் இருந்த அக்காவை முதலீட்டுப் பிரிவுக்கு மாற்றிய வருஷம்தான் தங்கையின் கணவர் போய்ச் சேர்ந்தார். வந்த இன்சூரன்ஸ் பணத்தை என்ன செய்வது என்று தங்கை கேட்டபோது, வெளிநாட்டுப் பங்குகளை வாங்கும் ஒரு ஃபண்டைக் காட்டினாள் அக்கா. மதிப்புக்குக் கீழே விலை போகும் கம்பெனிகளாகப் பார்த்து அதன் மேனேஜர் பொறுக்கி எடுப்பார். ஊர் உலகம் கவனிக்கும்போது விலை ஏறும். ஊர் உலகம் கவனிக்கவேயில்லை. போட்ட பணம் கரைந்தது. முன்பைவிட மலிவாகிவிட்டது, ஆகவே முன்பைவிட நல்ல வாய்ப்பு என்று ஒவ்வொரு அறிக்கையிலும் மேனேஜர் எழுதினார். அறிக்கைகள் அக்காவின் விலாசத்துக்கே வந்தன. அவள் நம்பினாள், வேறு வழி?

தங்கை முகத்தில் விழிக்க முடியாமல், தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகை அனுப்பி, ஃபண்டில் வந்த லாபம் என்று சொல்லிவைத்தாள். விலை ஏறும்வரைக்கும்தானே.

"உன் வீட்டுக்காரரைவிட வெளிநாட்டுக்காரன் ஒழுங்குக்கா. மாசம் பொறந்தா பணம் வந்துடுது" என்பாள் தங்கை. அக்காவின் கணவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இன்று பேச்சோடு பேச்சாகத் தங்கை சொன்னாள், தான் குடியிருந்த ஃப்ளாட்டை விற்றுவிட்டாளாம். வந்த விலைக்குத் தள்ளி, நேற்றே சாவியையும் கொடுத்தாயிற்று. இனி வாடகை வீடு, முழுப் பணமும் அந்த ஃபண்டுக்கு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதே என்று இழுத்தாள் அக்கா.

"நான் நாலு காசு பார்த்தா உனக்கு ஏன்க்கா வலிக்குது?"

"அது லாபம் இல்லடி. நான்தான் அனுப்பினேன்."

தங்கை கையிலிருந்த தலையணையைக் கட்டிலில் வைத்தாள். தன் பணம் என்ன ஆச்சு என்று கேட்டாள். பாதிகூட இல்லை என்றாள் அக்கா.

"விக்கிற வரைக்கும் சொல்ல வேணாம், உன்னை அசத்தலாம்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள் தங்கை. "நீயும் மூடிக்கிட்டுதான் இருந்திருக்கே."

அக்கா அடுத்த உறையை உதறி நீட்டினாள்.

"இந்த மாச வாடகைக்கு நான் அனுப்பட்டுமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அக்காவுக்குத் தெரிந்தது. தங்கை கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அறையைவிட்டுப் போனாள்.