பொத்தான் வைத்த வெள்ளைத் துணி

ஒரு பொத்தானைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். முதல் வாரம் மழையைப் பற்றி எழுதினேன். அடுத்த வாரம் பஸ் கொண்டக்டர்களைப் பற்றி. போன வாரம், வெட்கத்தோடு சொல்கிறேன், ஊறுகாயைப் பற்றி. ஊறுகாய் நன்றாக இருந்தது என்று சிலர் மெசேஜ் கூட அனுப்பியிருந்தீர்கள். நன்றி. ஆனால் உண்மையில் அது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தப்பி ஓடியவள் போட்ட ஊறுகாய்.

நேற்றுக் காலை கட்டைபறிச்சானில் இருந்து ஒரு போன் வந்தது. இனியும் ஓட முடியாது.

கட்டைபறிச்சானுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு சின்னக் கிறிஸ்தவச் சமூகம் இருக்கிறது. இருபது குடும்பங்கள் இருக்கும். நெல், கச்சான், கத்தரி, மிளகாய் என்று சேர்ந்து பயிர் செய்கிறார்கள். நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு ஆலயம். வயல் வேலைகளைப் பொறுப்பாக நடத்துகிறவர் எஸ்தர் அக்கா. ஐம்பது வயது, குட்டையான உருவம், கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி ஒரு குரல். என் பத்தியை வாராவாரம் வாசித்து, அதில் உள்ள பிழைகளைப் போனில் சொல்லுகிறவரும் அவர்தான்.

"தங்கச்சி, ஒருக்கா எங்கட ஊழியத்துக்கு வாங்கோவன்" என்று கேட்டார். ஊழியம் என்றதும் நான் நோட்டீஸ், ஒலிபெருக்கி, மேடை என்று நினைத்துவிட்டேன். இல்லையாம். தங்கள் சமூகத்தைச் சேராத ஒருவர் கஷ்டத்தில் இருந்தால், விடியுமுன் போய் அவருடைய வயல் வேலையைச் செய்துவிட்டு வருவதுதான் இவர்களுடைய ஊழியம்.

இதற்கு இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, வயல்காரருக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது. "சொல்லிப்போட்டுப் போனா அவை எங்களுக்குத் தேத்தண்ணி வைக்கோணும், சாப்பாடு சமைக்கோணும். அது உதவியில்லைத் தங்கச்சி, உபத்திரவம்."

இரண்டாவது, பொழுது கிளம்பும் வரை ஒரு சொல்லும் பேசக்கூடாது. "விடியும்வரைக்கும் ஆண்டவரோட கதை. வெளிச்சம் வந்தாப் பிறகுதான் மனிசரோட கதை" என்றார் எஸ்தர் அக்கா.

எவ்வளவு அழகான விதிகள்! எனக்கு உடனே எழுதக் கை துறுதுறுத்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம், டவுனில் ஓர்ஸ் ஹில்லில் உள்ள என் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இந்த முறை பாக்கியம் என்ற பெண்ணுடைய வயல். கணவருக்குச் சத்திரசிகிச்சை என்று அவள் டவுன் ஆஸ்பத்திரியில் நின்றாள். நெல் முற்றி நிற்கிறது. மழை வரும் என்கிறார்கள். பள்ளக் காணி என்பதால் முழுக்கச் சேறு, வெட்டு மெஷின் இறங்காது. கையால்தான் வெட்ட வேண்டும். இருட்டில் வயல் தவறிவிடக்கூடாது என்று எஸ்தர் அக்கா முதல் நாளே போய், வயல் மூலையில் ஒரு தடி நட்டு வெள்ளைத் துணி கட்டிவிட்டு வந்திருந்தார். பக்கத்து வயல் தங்கராசா அண்ணையுடையது. அவரைப் பற்றி அக்கா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "அவருக்கு எங்களைக் கண்ணில காட்டக்கூடாது."

காரணமும் இருந்தது. சில வருடங்களுக்கு முன் இவர்களுடைய இளைஞர்கள் யாரோ, அவருடைய வீட்டுச் சாமியறைக்கு நேரே நின்று நோட்டீஸ் நீட்டியிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் கோபித்துக்கொண்டுதான் இருப்பேன்.

விடியுமுன் புறப்பட்டோம். பதினாலு பேர், கையில் தாக்கத்தி. நெல் வெட்டுகிற வளைந்த கத்தியை அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். வரம்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். அப்படியொரு பனிமூட்டத்தை நான் பார்த்ததேயில்லை. முன்னால் போகிறவரின் முதுகு தெரியும், அதற்கு முன்னால் போகிறவர் தெரியமாட்டார். கால் வைக்கிற இடத்தில் மட்டும் பூமி இருந்தது.

பனிக்குள் ஒரு வெள்ளை தெரிந்தது. எஸ்தர் அக்கா கையை உயர்த்தினார். எல்லோரும் சத்தமில்லாமல் இறங்கினோம்.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது... சரக், சரக் என்று நெல் தாள் அறுபடும் சத்தம். வேறு ஒன்றுமில்லை. யாரும் இருமக்கூட இல்லை. பக்கத்தில் ஒருவர் குனிந்து நிமிர்வது, பனி ஒரு தரம் அசைவதில் மட்டும் தெரிந்தது. குடாவுக்கு அப்பால், துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. ஊதியதா, ஊதியதாக நான் நினைத்தேனா? சேறு குளிர்ந்து கணுக்காலைப் பிடித்திருந்தது. நெல் வாசம், பனி வாசம். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. சந்தோஷத்தில்தான். இப்படியே விடியாமல் இருந்தால் என்ன என்றுகூட நினைத்தேன்.

வெட்டிக்கொண்டே நான் அந்த வெள்ளைத் துணிக்குக் கிட்டே வந்துவிட்டேன்.

துணியில் பொத்தான் இருந்தது.

ஒன்றல்ல. மேலிருந்து கீழாக மூன்று. பக்கத்தில் ஒரு பொக்கற். இரண்டு பக்கமும் கை நீட்டியிருந்தது. மேலே ஒரு கவிழ்த்த சட்டி. குருவி விரட்ட வயலில் வைக்கிற வெருளி அது!

அக்கா கட்டியது துணி. துணிக்கு எதற்குப் பொத்தான்? அப்படியென்றால் இது பாக்கியத்தின் வயல் இல்லை. பக்கத்து வயல். எனக்கு விளங்கிவிட்டது. நிச்சயமாக விளங்கிவிட்டது.

என்ன செய்தேன் தெரியுமா? திரும்பிக் குனிந்து வெட்டினேன்.

விதி என்று சொல்லித் தப்பலாம். பேசக்கூடாது என்றார்களே! ஆனால் உண்மை அதுவல்ல. மனதுக்குள் நான் அப்போது பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்புக்கூட வைத்துவிட்டேன்: 'மௌனத்தின் அறுவடை'. எப்படி? அப்படியொரு காலையை, "அக்கா, இது வேற ஆரின்ரயோ வயல்" என்று கத்திக் கெடுக்க மனம் வரவில்லை. வெருளியை எஸ்தர் அக்காவே அடையாளமாக வைத்திருக்கலாம் என்று எனக்கு நானே ஒரு பொய்யும் சொல்லிக்கொண்டேன். பொய் வசதியாக இருந்தது.

பொழுது கிளம்பியது. எல்லோரும் நிமிர்ந்து, வழக்கம்போல ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். பனி மெல்ல மெல்ல விலகியது. அடுத்த வயல் மூலையில் ஒரு தடியும் அதில் அக்காவின் வெள்ளைத் துணியும், சாவகாசமாக ஆடிக்கொண்டு நின்றன.

பாட்டு இரண்டாவது அடியோடு நின்றுவிட்டது.

பாட்டுச் சத்தம் கேட்டு வரம்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் தங்கராசா அண்ணை. வந்தவர் வயலைப் பார்த்தார். அரைவாசிக்குக் கிட்ட வெட்டியாயிற்று. சைக்கிள் கையிலிருந்து சரிந்து விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"ஆர் உங்களை வெட்டச் சொன்னது?"

"அண்ணை... பிழைச்சுப் போச்சண்ணை. பாக்கியத்தின்ர வயலெண்டு நினைச்சு..." எஸ்தர் அக்காவின் கிணற்றுக் குரல் அன்று வெளியே வரவேயில்லை.

"இது சாப்பாட்டு நெல்லில்லைப் பிள்ளை. விதைநெல்லு." அவர் ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "இன்னும் எட்டு நாள் நிண்டிருக்க வேணும். ஒரு பிடியில இருந்து மூண்டு வருசமாப் பெருக்கினனான்."

பிறகு வரம்பில் உட்கார்ந்துவிட்டார். முற்றாத நெல் சோறாகும், ஆனால் முளைக்குமா? நிற்கிற பாதி மட்டும் அடுத்த போகத்து விதைக்குப் போதாதே! அவர் ஏசியிருந்தால் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டிருப்போம். அவர் ஏசவில்லை.

அப்போதுதான் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். "தாள் பச்சையாப் பட்டது, நான் பேசாமல் இருந்திட்டன்" என்றார் ஒருவர். வரம்பு உயரமாக இருந்ததே என்று யோசித்தாராம் இன்னொருவர். சந்தேகப்படாத ஆளே இல்லை! அத்தனை பேரும் விதியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் மட்டும் அப்போதும் வாய் திறக்கவில்லை. மற்றவர்களுக்கு இருந்தது சந்தேகம். எனக்குத் தெரியும்.

"இனி என்ன செய்யலாம், சொல்லுங்கோ அண்ணை" என்றார் எஸ்தர் அக்கா.

தங்கராசா அண்ணை வானத்தைப் பார்த்தார். "கதிரோட நிழலில ஆறுதலாக் காய வேணும். வெயில் பட்டால் சரி, போச்சு. மழை பட்டாலும் போச்சு. காத்து வாற மாதிரிப் பெரிய கூரை ஒண்டு வேணும்."

சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு கூரைதான் இருந்தது. எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அன்று முற்பகலே நெற்கட்டுகள் ஆலயத்துக்குள் போயின. வாங்குப் பலகைகளின் மேலும் தரையிலும் பரப்பினோம். அதை முடித்த கையோடு பாக்கியத்தின் வயலுக்கும் திரும்பி வந்தோம். அங்கே சரியான மூலையில், சரியான துணிக்குப் பக்கத்தில், தங்கராசா அண்ணை கைகட்டிக்கொண்டு நின்றார். "இதுதான் அந்தப் பிள்ளையின்ர வயல். இதையாவது ஒழுங்கா வெட்டுங்கோ" என்றார். இருட்டுமுன் வெட்டி முடித்தோம். அடுத்த நாள் மழை கொட்டியது.

ஞாயிறு ஆராதனை இப்போது வெளியே, மருதமரத்தின் கீழே. உள்ளே நெல் இருக்கிறதே! தங்கராசா அண்ணை தினமும் இரண்டு நேரம் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கட்டுகளைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவார். ஆராதனை நேரத்திலும் வருவார். வெளியே பாட்டு, உள்ளே நெல் திருப்பும் சத்தம்.

"உங்கட சாமி கோவிக்காதோ, இருக்கிற இடத்தை நான் பிடிச்சிட்டன் எண்டு?" என்று ஒரு நாள் கேட்டாராம்.

"அவர் எங்களோட மரத்தடியில நிக்கிறார் அண்ணை" என்றாராம் எஸ்தர் அக்கா.

இரண்டாவது ஞாயிறு நானும் போனேன். நித்திரை வரவில்லை என்பதுதான் காரணம். கண்ணை மூடினால் பொத்தான். பாட்டு தொடங்கியதும் எழுந்து ஆலயத்துக்குள் போனேன். யன்னல்களால் வந்த வெளிச்சத்தில் தூசி பொன்னாக மிதந்தது. பீடத்தின் அடிவரைக்கும் கதிர். நடுவில் தனியாகக் குனிந்து நின்றார் அவர்.

"அண்ணை, நான் பொத்தானைக் கண்டனான்."

"என்ன பொத்தான்?"

"வெருளியின்ர சட்டைப் பொத்தான். விடியமுன்னமே கண்டனான். உங்கட வயலெண்டு விளங்கினது. வாய் திறக்கேல்லை."

அவர் நிமிர்ந்தார். "ஏன்?"

எத்தனை காரணம் யோசித்து வைத்திருந்தேன் தெரியுமா? அத்தனையையும் விட்டேன். "அந்த அமைதி நல்ல வடிவா இருந்தது அண்ணை. கெடுக்க மனமில்லை."

"வடிவாத்தான் இருந்திருக்கும்" என்றார் அவர். பிறகு ஒரு கட்டின் மறுமுனையைக் காட்டினார். "பிடியுங்கோ. மற்றப் பக்கம் திருப்ப வேணும்."

ஆராதனை முடியும் வரை திருப்பினோம். இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை. அந்த மௌனத்தில் எனக்கு எந்தத் தலைப்பும் தோன்றவில்லை. வெளியே வந்ததும் எஸ்தர் அக்காவிடமும் சொன்னேன். "இதை எழுதுவீங்களோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். எழுதியது ஊறுகாய்.

நேற்று வந்த போன் தங்கராசா அண்ணையுடையது. காய்ந்த நெல்லில் கொஞ்சத்தை எடுத்து ஈரத்துணியில் கட்டி வைத்திருந்தார், முளைக்கிறதா என்று பார்க்க.

"தங்கச்சி, இண்டைக்கு அவிழ்த்துப் பார்த்தனான். பத்துக்கு ஏழு முளைச்சிருக்கு."

"வழமையா எவ்வளவு அண்ணை?"

"ஒம்பது."

போதாமல் போய்விடுமோ என்று பயந்தேன். "ஏழு காணுமே?"

"கொஞ்சம் நெருக்கி விதைச்சாக் காணும். விதை தப்பியிட்டுது."

அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். இப்படிச் சொன்னார்: "முளைக்காத மூண்டில ஒண்டு எப்பிடியும் முளைச்சிருக்காது. மற்ற ரெண்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு."

"ஓம் அண்ணை."

"வெருளிக்கு இப்ப சிவப்பு ஜேர்சி போட்டிருக்கிறன். குருவி பயப்பிடுதோ தெரியேல்லை, எஸ்தர் பிள்ளை நல்லாப் பயப்பிடுறா."

இன்னொரு செய்தியும் சொன்னார். வருகிற சனிக்கிழமை மறுபடி ஊழியமாம். வேறொருவருடைய வயல். டோர்ச்சோடு முன்னால் நடந்து வழி காட்டப்போகிறவர் அவர்தான். பாட்டுக்கு நிற்கமாட்டாராம். வரம்புவரைதான் வருவாராம்.

நானும் போகிறேன். பனி எவ்வளவு அழகாக இறங்கினாலும் சரி, "இது ஆரின்ர வயல்?" என்று ஒரு தரம் சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் குனிவேன்.