சகலையின் புதுக் காருக்கு லாட்ஜ் பிடித்துக் கொடுத்தேன்

சென்னையிலிருந்து சகலை புதுக் காரில் வந்திருக்கிறார். வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, அந்தக் கப்பல் எங்கள் தெருவுக்குள் நுழையாது.

"திண்டுக்கல்லுல எனக்குத் தெரியாத லாட்ஜா? கொறஞ்ச வாடகைல, வண்டிய உள்ள வச்சுப் பூட்டுற எடமாப் பிடிச்சுத் தாரேன்" என்றேன்.

நானே ஓட்டினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. சகலை பின் சீட்டில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டு வந்தார்.

லாட்ஜ் மேனேஜர் என்னைப் பார்த்துத்தான் ஓடி வருகிறார் என்று நினைத்தேன். பின் கதவைத் திறந்துவிட்டார். நான் பேசிய பேச்சில் வாடகை பாதியானது. காரை ஷெட்டில் விட்டதும் தேங்காய் அளவு நம்மூர்ப் பூட்டைப் போட்டு, சாவியை என்னிடம் தந்தார்.

"நீங்களே வச்சுக்கங்கண்ணே. டிரைவருக்கு மாடியில கட்டில் ஃப்ரீ."

சகலை மறுக்கவே இல்லை. "நல்ல டிரைவர், பாத்துக்கங்க" என்றார்.

நான் டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஷெட் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. சகலை விடியற்காலையில் கொடைக்கானல் கிளம்பவேண்டுமாம். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

திண்டுக்கல் பூட்டை யாராலும் உடைக்க முடியாது என்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கமெண்ட்டில் வாருங்கள், நிதானமாகப் பேசுவோம்.