குறட்டை நின்ற வீடு

மூச்சு மெஷின் விற்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: கடைக்கு வருகிற ஒருவரும் முந்தின ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்கள். தூங்காத ஆளுக்குச் சொன்னது புரியாது. புரிந்தது மண்டையில் நிற்காது. நின்றாலும் தலைகீழாகத்தான் நிற்கும். குறட்டைக்காரரோடு ஒரே கூரையில் காலம் தள்ளும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

குறட்டைக்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டினால் படித்துக்கொண்டே தூங்கிவிடுவார்கள். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. மூளை பதறிப்போய் ஆளை உலுக்குகிறது. ஆள் 'கர்ர்' என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி அமிழ்கிறார். விடிய விடிய இதே கூத்து. காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். படுத்தது உடம்பு மட்டும். மூளை காவல்காரன் மாதிரி நின்றுகொண்டே இருந்திருக்கும். என் மெஷின் குழாய் வழியாகக் காற்றைத் தள்ளி அந்த வழியைத் திறந்து வைக்கும். மூக்குக்கு ஒரு மாஸ்க். அவ்வளவுதான் சங்கதி. கடை மலேசியாவில், கிள்ளானில். கல்லாவில் நான். மற்ற எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரி பரிமளா.

சிவப்பு விளக்கு

செல்வம் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். கழுத்து என் தொடை அளவு. முதல் நாள் என் கடைக் கதவை இழுத்துக்கொண்டே நின்றார். 'தள்ளவும்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். பரிமளா போய்த் திறந்துவிட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்து கதையைச் சொன்னார். டிராபிக் லைட்டில் சிவப்புக்கு நிறுத்தியவர் அப்படியே தூங்கிவிட்டார். பச்சை வந்தது, போனது, மறுபடி வந்தது. பஸ்ஸில் இருந்த பெண்கள் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள். அவர்களும் தூக்கம். பின்னால் ஹார்ன் அடித்தும் ஒரு ஜீவன் அசையவில்லை. கடைசியில் மோட்டார் சைக்கிளில் வந்த ரொட்டிக்காரர் ஜன்னலைத் தட்டி எழுப்பி, ரொட்டி வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

கம்பெனி சாவியை வாங்கிக்கொண்டது. மெஷின் போட்டுத் தூங்கி, பகல் தூக்கம் போனால்தான் சாவி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை செல்வத்துக்கு பஸ் கழுவுகிற வேலை. அவர் பஸ்ஸை இன்னொருத்தன் ஓட்டுகிறான், அதுவும் கியர் கதறக் கதற. சொல்லும்போது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அதெல்லாம் ஒத்துவராது. "நடு ரோட்டுல தூங்கலாமாய்யா?" என்றேன்.

"சிவப்புல சும்மாதானே நிக்கிறோம், அங்கிள். கண்ணைத் தொறந்து வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறோம்?"

பரீட்சை

மெஷின் வாங்குமுன் ஒரு டெஸ்ட் உண்டு. நெஞ்சில் பட்டை, விரலில் கிளிப், மூக்கில் சின்னக் குழாய். கட்டிக்கொண்டு வீட்டிலேயே தூங்க வேண்டும். எத்தனை முறை மூச்சு நிற்கிறது என்று அது பதிந்துகொள்ளும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வாங்கிப் போனார். மறுநாள் குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, "எத்தனை மார்க்?" என்றார்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மனிதர் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. விடிய விடிய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். தூங்கத்தானே ஐயா கொடுத்தேன் என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பெஞ்ச் மேல் ஏறி நின்றிருக்க வேண்டும்.

"பரீட்சை நடக்கும்போது தூங்குற பையனை நான் சர்வீஸ்ல ஒருநாளும் பாஸ் பண்ண விட்டதில்லைங்க."

மாமியாருக்கு அதிகம்

செராஸிலிருந்து ஒரு பெண். மாமியாருக்கு நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியிருந்தார். ஆக்சிஜன் பார்க்கிற விரல் கிளிப் வாங்கிப் போனாள். மறுநாளே திரும்பி வந்தாள். கிளிப் பழுதாம். ஏனென்று கேட்டேன். படுத்துக்கிடக்கும் மாமியாருக்குத் தொண்ணூற்றெட்டு காட்டுகிறது, மூன்று வேளையும் சமைத்துப் போட்டு ஓடித் திரியும் தனக்குத் தொண்ணூற்று மூன்றுதான் காட்டுகிறது என்றாள். வீட்டில் எல்லாரும் விரலை விட்டுப் பார்த்தாயிற்றாம். தான்தான் கடைசியாம்.

பரிமளா அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நகம் எல்லாம் கத்தரிக்காய்க் கலரில் சாயம். அந்தச் சாயத்தைத் தாண்டி வெளிச்சம் போனால்தானே கிளிப்புக்குக் கண் தெரியும்? ஒரு விரலில் மட்டும் சாயத்தை அழித்துக் கிளிப்பைப் போட்டோம். தொண்ணூற்றொன்பது. உடனே அந்தப் பெண் போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

"பேமிலி வாட்ஸ்அப்புல போடுறேன் லா, அக்கா. மூச்சுலயாவது நான் ஜெயிக்கணும்."

சந்தனம்

செல்வம் மனைவி வசந்தாவோடு வந்தார். கதவை இழுத்தார். கொண்டுபோன மெஷின் மூச்சு வாங்குகிறது என்று புகார். மூச்சு வாங்க வேண்டியது நீங்கள், மெஷின் இல்லை என்று சொல்லிக்கொண்டே பிரித்தேன். காற்று உள்ளே போகிற வட்டமான ஓட்டையில் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். அச்சில் வார்த்த மாதிரி அழகான பொட்டு. பில்டர் களிமண்ணாக இறுகிக் கிடந்தது.

ஆயுத பூசை. பஸ் கையில் இல்லை, ஆகையால் மெஷினுக்குச் செய்திருக்கிறார்கள். அதோடு விடவில்லை. பஸ் சக்கரத்துக்கு வைக்கிற எலுமிச்சம்பழத்தை இதற்கும் வைத்தார்களாம். மெஷின் ஓடி ஏறி நசுக்காது இல்லையா? அதனால் செல்வமே அதைத் தூக்கிப் பழத்தின்மேல் உட்கார வைத்து அமுக்கியிருக்கிறார். அடியெல்லாம் சாறு. காற்று போகிற வழியை அடைத்தால் மெஷினுக்கும் உன் புருஷன் வியாதிதான் வரும் என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துப் பூக்கடையில் எட்டிப் பார்த்தார்கள். வசந்தா அசையவில்லை.

"உங்க மெஷினுக்கு நெத்தி எது, மூக்கு எதுன்னு நீங்க சொல்லவே இல்லையே, அங்கிள்."

சோற்றுப் பானை

செலாயாங் பாசாரில் காய்கறி வியாபாரம் செய்கிறவர் ஒருவர். தனி ஆள். மாடியில் ஒற்றை அறை. படுக்கை, கரண்ட் சோற்றுப் பானை எல்லாம் அதற்குள்தான். நெஞ்சுச் சளி வந்து நீண்ட நாள் படுத்து எழுந்தவர், எழுந்த பிறகும் தலைக்குள் பனிமூட்டம் போகவில்லை என்பார். கீரை கேட்டால் இஞ்சி கொடுப்பார். மிச்சச் சில்லறையைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு நன்றியும் சொல்வார். காய்ச்சலும் தூக்கக்கேடும் கூட்டு சேர்ந்தால் மூளை அப்படித்தான், 'அண்ணே' என்று யாரைக் கூப்பிட்டாலும் தானே திரும்பிப் பார்க்கும்.

மெஷின் கொடுத்தேன். இரண்டாம் நாளே போன். காற்று வரவில்லை, ஏமாற்றிவிட்டீர்கள், மாஸ்க்குக்குள் புழுங்குகிறது, அறையெல்லாம் கருகிய வாடை என்று ஒரே சத்தம். மெஷின் சுவிட்சைப் போட்டீர்களா என்றேன். போட்டேன் என்றார். எது மெஷின் ஒயர் என்று பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள் என்றேன். போனார். ஒயர் முடிகிற இடத்திலிருந்தே பேசினார்.

"பாஸ், நேத்து ராத்திரி நான் மூச்சு விடல. சோத்துப் பானைதான் விட்டிருக்கு."

ஊமை

செல்வத்தின் மெஷினுக்குப் புது பில்டர் போட்டாயிற்று. மாஸ்க் அளவு சரி. காற்று சரி. ஆனாலும் செல்வம் வந்தபோது கதவை இழுத்தார். உள்ளே வந்து கண்ணாடி அலமாரியில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே தூங்கினார். சாவிக்குச் சரி சொல்வதை டாக்டர் மறுபடி தள்ளிப் போட்டுவிட்டாராம். இன்னொரு முறை இப்படியே போய் நின்றால் அந்தக் கியர் கதறவைப்பவனுக்கே பஸ்ஸை நிரந்தரமாக எழுதிவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். ராத்திரி மாஸ்க்கைக் கழட்டுகிறாயா என்று அதட்டினேன். இல்லை என்று தலையாட்டி, கூட வந்த வசந்தாவைக் கையால் காட்டினார். "எழுப்புறா, அங்கிள்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குறட்டை அவளுக்குத் தாலாட்டு. சத்தம் நின்றால் முழங்கையால் ஒரு இடி. மறுபடி சத்தம் வரும், அவள் தூங்குவாள். இப்போது சத்தமே இல்லை. அதனால் விடிய விடிய உலுக்கி, "இருக்கீங்களா?" என்று கேட்கிறாள். அவரும் மாஸ்க்குக்குள் இருந்து, "இருக்கேன்" என்கிறார். இப்படியே இருவரும் தூங்குவதில்லை. அவள் நிலைமை இன்னும் மோசம். மிளகாய்ச் சம்பலில் உப்புக்குப் பதில் சீனி போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கேட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகி, பூட்டை மாற்றிவிட்டீர்களா என்று அவர்களிடமே சண்டை பிடித்திருக்கிறாள். அவர் தூங்கினால்தானே அம்மா பஸ் சாவி கிடைக்கும் என்றேன்.

"சத்தம் கேட்டா ஆளு இருக்குன்னு தெரியும். இப்படி ஊமையா கிடந்தா நான் எதை நம்பித் தூங்குறது, அங்கிள்?"

இறகு

அதற்கு என் கடையில் சாமான் இல்லை. அப்படியே அனுப்பிவிட்டேன். அடுத்த முறை செல்வம் வந்தபோது கதவைத் தள்ளினார். கதவைத் திறந்துவிட எழுந்த பரிமளா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செல்வம் கண்ணில் சிவப்பு இல்லை. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார், தூங்கவில்லை. பின்னால் வந்த வசந்தா பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து வைத்தாள். மூக்குக்கு எதிரே காற்று வெளியேறச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவற்றின் பக்கத்தில், அவள் தம்பி பத்துமலைக் கோயிலுக்கு எடுத்த காவடியிலிருந்து ஒற்றை மயில் இறகு. பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தாள். சாமி விளக்கு வெளிச்சத்தில் இறகு ஆடுவது தெரியுமாம். ஆடினால் ஆள் இருக்கிறார். ஒருமுறை பார்த்தால் போதும், தூங்கிவிடுகிறாளாம். அவரையும் எழுப்புவதில்லையாம். "இறகு ஆடினா மூச்சு இருக்குதானே, அங்கிள்?" என்றாள்.

இங்கேதான் என் தொழில் அறிவு குறுக்கே வந்தது. அந்த ஓட்டைகள் வழியாக மெஷின் எப்போதும் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆள் மூச்சு விட்டாலும் ஆடும், விடாவிட்டாலும் ஆடும். தலையணைக்கு மாட்டிவிட்டாலும் ஆடும். சொல்ல வாயைத் திறந்தேன். பரிமளா என் காலை மிதித்தாள். செருப்போடு. "ஆமாம்மா" என்றேன்.

டாக்டர் சரி என்றுவிட்டார். கம்பெனி சாவியைக் கொடுத்தது. போன வாரம் கடை வாசல் டிராபிக் லைட்டில் சிவப்புக்கு அவர் பஸ் வந்து நின்றது. பின்னால் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் தலை சாய்த்துத் தூக்கம். செல்வம் ஜன்னல் வழியே கையை நீட்டிக் கூப்பிட்டார்.

"நல்லா பாத்துக்குங்க அங்கிள், இந்த பஸ்ஸுல முழிச்சிருக்கிற ஆளு நான் ஒருத்தன்தான்."

என் கடைச் சாமான்கள் எல்லாவற்றையும்விட அந்த வீட்டைத் தூங்கவைத்தது அந்த இறகுதான். அதை நான் விற்கவும் இல்லை, அது வேலை செய்வதும் இல்லை.