அவரை விதைக்குப் பூசிய பொடி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தை ஊரில் எல்லோரும் அத்தை தோட்டம் என்றுதான் சொல்வார்கள். பட்டா என்னவோ அப்பா பேரில். மண்ணைக் கொத்துவது, எருவைச் சுமப்பது, காட்டுப்பன்றி நுழையாமல் பழைய சேலைகளை இழுத்துக் கட்டுவது எல்லாம் அத்தை. அவள் அப்பாவின் தங்கை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு இருக்கும். எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில், அந்த வயதுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தை எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. தட்டில் விழுந்ததைத் தின்றுகொண்டிருந்தேன்.

அப்பா போட்ட மரவள்ளி, குச்சிக்கிழங்கு என்போம், லாரி ஏறிக் கீழே மில்லுக்குப் போய்விடும். வீட்டில் அடுப்பேறுவதெல்லாம் அத்தை தோட்டத்துக் காய்தான். பந்தலில் அவரை, கூரைமேல் பூசணி, வேலியில் பீர்க்கை, வாய்க்கால் ஓரம் கீரை.

அத்தைக்குச் சாம்பல்தான் டாக்டர். அவரைக் கொழுந்தில் அசுவினிப் பூச்சி கறுப்பாக அப்பிக்கொண்டால், காலையில் பனியீரம் காய்வதற்குள் சாம்பலைத் தூவுவாள். கோழிக்குப் பேன் பிடித்தால் சாம்பல். அடுப்படியில் எறும்பு சாரை விட்டால் சாம்பல். விதைக்கும் அதேதான். காய்ந்த அவரைக்கொட்டையைச் சாம்பலில் புரட்டி, மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவாள். புகை பட்டுக்கொண்டே இருந்தால் வண்டு அண்டாது என்பாள்.

ஒரு வருடம் அண்டிவிட்டது. விதைக்கும் நேரத்தில் பானையைத் திறந்து பார்த்தால் கொட்டைக்குக் கொட்டை ஓட்டை, அடியில் ஒரு பிடி மாவு. அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக விதை கேட்கப் போனாள். எங்கள் பக்கத்தில் விதை கேட்பது ஒன்றும் கேவலமில்லை, விளைந்ததும் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அத்தை கொடுத்துப் பழகியவள். ஒவ்வொரு வாசலிலும் அவள் முறத்தை நீட்டாமல் இடுப்பிலேயே இடுக்கிக்கொண்டு வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில்தான் கேட்டாள். கூடப் போயிருந்த எனக்கு அழுகை வந்தது.

அதற்கு அடுத்த வருடம் வீட்டில் கரப்பான் பூச்சி பெருகியது. அம்மாவுக்கு அப்போது தம்பி வயிற்றில் ஜனித்திருந்த நேரம். கரப்பானைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு ஓடுவாள். அப்பா அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கியபோது ஒரு பொட்டலம் பொடி வாங்கி வந்தார். பெயரும் கிடையாது, படமும் கிடையாது. கடைக்காரர் தாளில் மடித்துக் கொடுத்த வெள்ளைப் பொடி. சாயங்காலம் சுவரோரமாகத் தூவினார். காலையில் பார்த்தால் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன, பக்கத்தில் எறும்புகளும். விளக்குமாற்றால் கூட்டி அள்ளியது நான்தான். சாம்பல் துரத்தத்தான் செய்யும், பொடி கொன்றே போடும் என்பது அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய ஞானம்.

மீதிப் பொட்டலத்தை அப்பா கதவு நிலைக்கு மேலே செருகி, "இதத் தொடப்படாது கண்ணு" என்றார். தொடக்கூடாதது முக்காலி போட்டால் எட்டுகிற உயரத்தில் இருந்தது.

அந்தத் தை மாதம்தான் அத்தைக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மலையின் இன்னொரு பக்கத்தில் பைல் நாட்டுக்காரர். சந்தையில் பூசணிக்காய் விற்றுக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்து, இரண்டு வாரம் தொடர்ந்து பூசணிக்காய் வாங்கிப் போய், மூன்றாம் வாரம் ஆளனுப்பிவிட்டார். அத்தை வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் என் தலையைச் சீவிக்கொண்டே, "பைல் நாட்டுல மண்ணு செவப்பா கருப்பான்னு உங்க டீச்சரக் கேட்டுட்டு வா சாமி" என்றாள். நான் கேட்டேன். டீச்சர் சிரித்தார். மலை முழுக்க ஒரே மண்தான் என்றார். அதை வந்து சொன்னபோது அத்தை முகம் விரிந்ததை நான் பார்த்தேன். அவள் அங்கே தோட்டமே போட்டுவிட்டாள் என்று தோன்றியது.

அவர்கள் முறைப்படி வந்து பார்த்துப் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. அது இழுத்துக்கொண்டே போனது. ஒரு மாதம் அப்பாவுக்குக் கிழங்கு பிடுங்கும் வேலை. அடுத்த மாதம் மிளகு பறிக்கும் வேலை. அதற்கடுத்து அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

மாசியில் அவரை காய்ந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகிப் போகிற பெண் முந்தானையில் விதை முடிந்துகொண்டு போவாள். அந்த வருடம் அத்தை எப்போதும் ஒதுக்குவதைவிட அதிகமாக விதைக்கு ஒதுக்கினாள். எனக்குக் காரணம் தெரியும். அவற்றைச் சாம்பலில் புரட்டும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாள். "ஒரு கொட்டகூட பாக்கி இல்லாமப் பொரட்டோணும் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன வருடம் முறத்தோடு நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. புருஷன் வீட்டுக்குப் போய் முடிச்சை அவிழ்த்தால் உள்ளே மாவாக இருந்தால் என்ன ஆவது? முக்காலியைப் போட்டேன். பொட்டலத்தில் இருந்ததை மொத்தமாகச் சாம்பலில் கொட்டிக் கலந்தேன். கலந்தபின் நிறம்கூடத் தெரியவில்லை. கொட்டைகளைப் போட்டு நன்றாகப் புரட்டிப் பானையில் நிரப்பினேன். கையைக் கழுவிக்கொண்டேன். வெறும் தாளை மடித்து மறுபடி நிலையிலேயே செருகினேன். அத்தைக்கு நான் கொடுக்கிற சீர் இது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மறந்துபோனது ஒன்று உண்டு. வைகாசி, ஆனியில் தோட்டத்தில் பறிக்க எதுவும் இருக்காது. அந்த நேரத்தில் விருந்தாளி வந்தால் மலையில் எல்லா வீட்டிலும் விதைப் பானையைத்தான் இறக்குவார்கள். ஒரு படி அளந்து, சாம்பலைக் கழுவி, வேகவைத்துக் குழம்பு வைப்பார்கள். விதைச் சாம்பலால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. நானே எத்தனையோ தடவை அப்படித் தின்றிருக்கிறேன். பொடியைக் கலக்கும்போது அந்த நினைப்பு ஒரு துளிகூட வரவில்லை.

வைகாசியில் மாப்பிள்ளை வீட்டார் பொறுமையிழந்து, சொல்லாமலேயே காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு பெரியப்பா. அப்பா என்னை வெற்றிலை பாக்கு வாங்கக் கடைக்கு விரட்டினார். கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்று பார்த்துவிட்டு ஆடி அசைந்து வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. அடுப்படியில் விதைப் பானை தரையில் இருந்தது, வாய்த் துணி அவிழ்ந்து பக்கத்தில் கிடந்தது.

மாப்பிள்ளை இரண்டாம் தடவை குழம்பு கேட்டார். "எங்க ஊட்டுல அவரக்கொட்ட இந்த ருசி வராதுங்க" என்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு ஊற்றினாள்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விருந்தாளிகள் முன்னால் சின்னப்பிள்ளை பேசக்கூடாது என்று ஒரு மனம். கழுவித்தானே போட்டிருப்பாள், போயிருக்கும் என்று இன்னொரு மனம். அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வயிறு வலிக்கிறது என்றேன். நான் சாப்பிடவில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். பொடியைக் கலந்தது அறியாமை. சாப்பிடாமல் இருந்தது அறியாமை இல்லை.

அரைமணி நேரத்தில் பெரியப்பாவுக்கு வாயெல்லாம் எச்சில் ஊறி வழிய ஆரம்பித்தது. பிறகு மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அப்புறம் அவர் அம்மா, அப்புறம் எங்கள் அப்பா. பக்கத்து வீட்டு ஜீப்பில் நால்வரையும் ஏற்றிக்கொண்டு செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் எழுந்து நடந்தார்கள். ஆனால் பூச்சி மருந்து மாதிரி ஏதோ உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா படுக்கையில் இருந்தபடியே ஒரே கேள்விதான் கேட்டாள். "ஆக்குனவ ஏன் ஒரு வாயும் திங்கல?"

பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? அவள் வீட்டிலும் அப்படித்தான். ஆனாலும் கேட்டுவிட்டாள். கேட்டது மலை முழுக்கப் பரவிவிட்டது. மாப்பிள்ளையைப் பிடிக்காமல் மருந்து வைத்துவிட்டாள் என்றார்கள். அவளுக்கு வேறு யாரோடோ தொடர்பு என்றும் சிலர் சேர்த்துக்கொண்டார்கள். அத்தை தன்னைத்தானே குடைந்துகொண்டிருந்தாள். அடுப்பில் எட்டி மரத்து விறகு ஏதாவது கலந்து எரிந்து, அந்தச் சாம்பலில் விஷம் ஏறிவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம். "எங் கண்ணுதான் அவிஞ்சு போச்சு, பாக்காம எரிச்சுட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். இன்றைக்கும் அவள் ஒவ்வொரு விறகையும் பட்டை உரித்துப் பார்த்துத்தான் அடுப்பில் வைக்கிறாள்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், கிழங்குக் காட்டில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று தயாராகத்தான் போனேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"அத்தகிட்டச் சொன்னயா?"

"இல்லீங்கப்பா."

"அம்மாகிட்ட?"

"இல்லீங்க."

"சொல்ல வேண்டாம் கண்ணு. யாருகிட்டயும் வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்."

அன்று மதியமே அவர் விதைப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஓடைச் சரிவில் குழி வெட்டிக் கவிழ்த்து மூடினார். ஏன் என்று அத்தை கேட்டதற்கு, "அது ஊட்டுல இருக்க வேண்டாம்" என்றார். அவள் மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை சில வாசல்களில் இல்லை என்றார்கள். இருந்தும் இல்லை என்றார்கள். கிடைத்ததைக் கொண்டு வந்து விதைத்தாள். தம்பி பிறந்தபோது பந்தலில் காய் தொங்கியது. அம்மாவுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டதும், தம்பியைக் குளிப்பாட்டியதும், பிறகு அவனுக்கு முதல் கவளம் ஊட்டியதும் அத்தைதான். அதன்பின் அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

நான் இப்போது காரவள்ளியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். போன வருடம் ஒருவர் தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வந்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன். யார் வீடு என்றார். சொன்னதும் கொஞ்ச நேரம் மாத்திரை அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்துப் போயிருந்ததால் எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"உங்க அத்தை நல்லா இருக்காங்களா அம்மணி?" என்றார்.

"இருக்காங்க."

"ஆஸ்பத்திரில இருந்து வந்து ஒரு வாரம் கழிச்சு உங்கப்பாருக்கு ரெண்டு தடவ போன் பண்ணினேனுங்க. எங்கம்மாவ நான் சமாதானம் பண்ணிக்கறேன், என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். தெரியாம நடந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும். அவரு, எங்களுக்கும் ஒண்ணும் புரியலீங்க, அவ மனசுல என்ன இருக்குதோன்னு சொல்லி வெச்சுட்டாரு."

பாக்கிச் சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் அன்று முழுக்கக் கடையில் தப்புத் தப்பாக மாத்திரை எடுத்துக் கொடுத்து முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

ஒரு வாரம் என்றார். நான் அப்பாவிடம் சொன்னது அதற்கு முன்னாலேயே. என்ன நடந்தது என்று அப்பாவுக்கு அப்போது என்னைவிட நன்றாகத் தெரியும். பிள்ளை பொடியைக் கலந்துவிட்டாள் என்று சொன்னால் என்னை யாரும் தூக்கிலா போட்டிருப்பார்கள்? நாலு பேர் திட்டியிருப்பார்கள், நாலு நாளில் மறந்திருப்பார்கள். அத்தை அந்த ஆடியில் பைல் நாட்டில் விதை ஊன்றியிருப்பாள். எங்கள் வீட்டுத் தோட்டம்தான் புதர் மண்டியிருக்கும். கர்ப்பிணியான அம்மாவும் நானும் பூசணிக் கொடியை எப்படிக் கூரையில் ஏற்றுவது என்று தெரியாமல் நின்றிருப்போம். அப்பா இதையெல்லாம் அந்த மண்வெட்டியை ஊன்றி நின்ற நேரத்திலேயே நினைத்துப் பார்த்துவிட்டார்.

அத்தையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. என்மேல் கோபப்படுவாள் என்று பயமில்லை. சொன்னால் அவள் அடுத்து, அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்பாள். இப்போதும் அப்பாவுக்குக் காலையில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது அவள்தான்.

கிழங்குக் காட்டில் சொன்ன அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பானையைப் புதைத்துவிட்டு வந்து அப்பா என் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப் போனார். அப்படி அதற்கு முன் அவர் என்னைக் கூட்டிப் போனதே இல்லை. தேங்காய் பன் இரண்டு வாங்கித் தந்தார். ஒன்றை அங்கேயே நின்று தின்றேன். இன்னொன்றை அத்தைக்கென்று பாவாடையில் பொதிந்துகொண்டு வந்து கொடுத்தேன். அழுது வீங்கிய முகத்தோடு அவள் அதைப் பிட்டுப் பாதியை என் வாயிலேயே ஊட்டினாள். இவ்வளவு பெரிய தப்பைச் செய்தும் என்னைக் காட்டிக்கொடுக்காத அப்பா ஊரில் வேறு யாருக்கு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே, பெருமையோடு மென்று விழுங்கினேன்.