கதவு சாத்த மாட்டேங்குது

மழை இறங்கினால் இப்போதும் எனக்குப் பயம். நான் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. விடியுமுன் றப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிறவள், அட்டைக்கும் பாம்புக்கும் அசராதவள். என் வாய்க்குத் தோட்டமே பயப்படும் என்பார் என் வீட்டுக்காரர். ஆனால் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு கூரைத் தகரத்தில் நாலு சொட்டு விழுந்தாலே எழும்பிப் போய்ப் பின்கதவைச் சாத்திப் பார்க்கிறேன்.

அன்றைக்கு விடாத மழை. மழையில் பால் வெட்டு இல்லை. ருவான்வெல்லைக் கடையில் வேலை செய்யும் அவரும் பஸ் ஓடாததால் வீட்டில். ஒரே கூரைக்குக் கீழே குடும்பத்துக்கொரு காம்பராவாக நீளும் எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் மேடு செங்குத்தாக நிற்கும். அது சரிந்துவிடுமோ என்ற பயத்தில் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் முன்பக்கம் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எந்த இடத்துக்கு மண்சரிவு மஞ்சள் எச்சரிக்கை, எந்த இடத்துக்கு வெளியேறச் சொல்லும் சிவப்பு என்று குரூப்புகளில் வந்துகொண்டே இருந்தது. சிங்களத்தில் வருவதை அவர் வாசித்துச் சொல்வார். கேகாலைப் பக்கம் எங்கேயோ மண் சரிந்த வீடியோவை நான் காட்டுவேன். பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. ஆனாலும் போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

உள்ளேயிருந்து ஏழு வயது மகள் கூப்பிட்டாள். "அம்மா, பின்கதவு சாத்த மாட்டேங்குது."

"மழைக்குப் பலகை ஊறியிருக்கும். விடு," என்றேன், தலை நிமிராமல்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, கதவு சாத்த மாட்டேங்குதுப்பா. காலையில சாத்துச்சு."

"இரு புள்ள, முக்கியமா ஒன்னு பாக்குறேன்." எங்கள் பக்கத்துக்கு இன்னும் மஞ்சள்தான் என்று அவர் என்னிடம் சொன்னார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்றாவது தடவை அவள் யாரையும் கூப்பிடவில்லை. "கதவு சாத்த மாட்டேங்குது," என்று தனக்குத்தானே சொன்னாள். குரலில் அழுகை இருந்தது. அதுதான் என்னை எழுப்பியது.

போய்ப் பார்த்தேன். தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பலகை ஊறவில்லை. கதவு நிலையே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் மூலையிலிருந்து சுவரில் என் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வெளியே வடிகாணில் தண்ணீர் குழைத்த சேறாக ஓடிக்கொண்டிருந்தது. மேடு எங்கள் வீட்டைத் தள்ளுகிறது என்று விளங்கியது.

பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். என் முகத்தைப் பார்த்து அவர் எழும்பினார். "இன்னும் மஞ்சள்தானே போட்டிருக்கான்," என்றார்.

"போனத் தூக்கிக் குப்பையில போடுங்க. மேடு வருது."

அவர் காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டி ஆட்களை வெளியே கூப்பிட்டார். எல்லோரும் நனைந்துகொண்டே றோட்டைத் தாண்டிக் கோயிலுக்கு ஓடினோம். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் கேட்டது. லொறியில் கல் கொட்டுவது மாதிரிச் சத்தம், ஆனால் நிற்கவே இல்லை. எங்கள் காம்பராவும் பக்கத்துக் காம்பராவும் மண்ணுக்குள் போயின; நல்லவேளை, இரண்டிலும் ஆள் இருக்கவில்லை. சிவப்பு எச்சரிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை. பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

இப்போது கரவனெல்லப் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். பின்னால் மேடு கிடையாது. பிள்ளை வீட்டிலிருக்கும் நேரம் போன்கள் அலுமாரிக்கு மேலே. அவர் மறந்தால் என் வாய் ஞாபகப்படுத்தும். மழை நாளில் ஒருவர் செய்தி பார்த்தால் மற்றவர் பிள்ளையோடு இருப்போம்.

ஆனால் மகள் இன்னமும் எதையும் மூன்று தடவைதான் சொல்கிறாள். பசிக்குது என்றாலும் சரி, பென்சிலைக் காணோம் என்றாலும் சரி. முதல் தடவையிலேயே நான் அவள் முன்னால் உட்கார்ந்து, "சொல்லு புள்ள, அம்மா கேக்குறேன்," என்கிறேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே மிச்ச இரண்டு தடவையையும் சொல்லி முடிக்கிறாள்.