கயிற்றைப் பிடித்தவர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். டீச்சர் டிரெயினிங் முடித்தவள், இதையெல்லாம் நம்பினால் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது. நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை. நானே பாதி நாள் நம்புவதில்லை.

என் வீட்டுக்காரர் சங்கு குளித்தவர். அந்தமான் கடலில் பொத்தான் செய்கிற சிப்பி நிறைய கிடைக்கிறது என்று தூத்துக்குடியிலிருந்து வந்து ஹேடோவில் குடியேறினோம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலி கையில் இருக்கும்போது எவன் கண்ணயர்வான்? அதற்காகவே என் அண்ணன் கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் எங்களோடு கப்பலேறினார். கொஞ்சம் நேரமானாலே, "போதும் மாப்ள, மேல வா" என்று முணுமுணுத்தபடி இழுத்துவிடுவார்.

"உங்கண்ணன் இருக்கிறவரைக்கும் நான் பணக்காரன் ஆன மாதிரிதான்" என்று இவர் கேலி செய்வார்.

போன மழையில் காய்ச்சல் கண்டு அண்ணன் போய்விட்டார். நான் நிறைமாதம் என்று கல்லறைக்குக்கூட என்னை விடவில்லை.

அடுத்த சீசனுக்குக் கயிறு பிடிக்க பெரார்கஞ்சிலிருந்து கோபால் என்ற பெங்காலி வந்தார். நல்ல மனுஷர், ஆனால் வயலில் வேலை பார்த்தவர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆளில்லாத தீவில் நாள்கணக்காகக் கூடாரம் போட்டுத் தங்குகிற பயணம் அது. காட்டிலாகா அனுமதி வாங்கி, சமைத்துப் போடுகிறேன் என்று சாக்குச் சொல்லி, கைக்குழந்தையோடு நானும் கிளம்பினேன். பிள்ளையைக் கொண்டுபோவது சரிதானா என்று வழியெல்லாம் உள்ளுக்குள் அடித்துக்கொண்டேயிருந்தது.

கரையில் மணல் ஈ கடித்துப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டதால், அன்று மத்தியானம் அவளை மடியில் வைத்துக்கொண்டு நானும் படகில் இருந்தேன். இவர் முங்கினார். படகில் தண்ணீர் கசிந்தது. கோபால் கயிற்றைக் குறுக்குப் பலகையில் கட்டிவிட்டு டப்பாவால் இறைக்க ஆரம்பித்தார்.

"கயிறை விடாதீங்க தாதா" என்றேன். தாதா என்றால் பெங்காலியில் அண்ணன்.

"கட்டித்தானே இருக்கு பாபி, டரோ மத்" என்று, பயப்படாதீங்க அண்ணி என்பதை இந்தியும் தமிழுமாகச் சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் என் காதோரம் கேட்டது. "போதும் மாப்ள, மேல வா."

எனக்கு அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அடுத்து நான் பார்த்தபோது இவர் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் ரத்தம் வழிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சிப்பி போடுகிற இடுப்பு வலை பாறையில் மாட்டிக்கொள்ள, இழுக்கச் சொல்லிக் கயிற்றை அசைத்து அசைத்துப் பார்த்திருக்கிறார்.

"இழுத்தது யாரு?"

"நான் இல்ல பாய்" என்றார் கோபால். டப்பா இன்னும் அவர் கையில் இருந்தது. "பாபியும் இல்ல. பிள்ளைய வச்சிக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாங்க."

என் இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து எரிந்தன. நான் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கூடாரத்தில் இவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "மச்சான் இருந்தா என்னை அடிச்சே போட்டிருப்பாரு" என்றார். அண்ணன் அடக்கத்தன்றுகூட அழாதவர், அப்போதுதான் அழுதார்.

என்னை அறியாமல் நானே இழுத்திருக்கலாம், பதற்றத்தில் கோபால் சரியாகப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால், நான் இழுத்தேன் என்றால் ஆடுகிற படகில் பிள்ளையை யார் பிடித்திருந்தது?

அன்று அவள் கவுன் முழுக்கக் காய்ந்திருந்தது, இரண்டு அக்குளுக்கும் கீழே மட்டும் ஈரம். அதுவும் காய்ந்தபின் உப்புப் பூத்து விரல் விரலாகத் தெரிந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. இவரும் கோபாலும் அன்று பிள்ளையைத் தொடவே இல்லை. அந்தக் கவுனை இன்னும் நான் துவைக்கவில்லை.

பிள்ளை பிறந்ததும் முதலில் தன் கையில்தான் தர வேண்டும் என்று அண்ணன் சொல்லிவைத்திருந்தார்.